காற்றுப் புகாத வீடும் மிஸ்டர் பிராட்லியும்

1. வாசலில் கிடைத்த வரவேற்பு

மிஸ்டர் பிராட்லி எங்களைக் கூப்பிட்டது தன் வீட்டைத் திருத்துவதற்காக அல்ல. எங்கள் வேலையை இழுத்து மூட வைப்பதற்காக. அதை அவர் ஒளிக்கவும் இல்லை. 1995 பெப்ரவரியில் ஒரு காலை, ஸ்காபரோவில் அவருடைய வீட்டு வாசலில் நான் சோதனை மிஷினைத் தூக்கிக்கொண்டு நிற்கும்போதே சொல்லிவிட்டார்.

"மிஸஸ் நாதன், முதலே சொல்லிப்போடுறன். நான் கன்சர்வேட்டிவ். எங்கடை தொகுதிக் கிளைக்கு நான்தான் செக்ரட்டறி. இந்த அரசாங்கம் காசை எப்பிடிக் கரியாக்குது எண்டு வாற கூட்டத்திலை கதைக்கப் போறன். அதுக்கு எனக்கொரு உதாரணம் வேணும். நீங்கள்தான் அந்த உதாரணம்."

அவர் பேசியது ஆங்கிலம். என் காதுக்குள் அது எப்படி விழுந்ததோ அப்படியே இங்கே தருகிறேன். பூட்சைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே வரவேண்டும் என்றார். கழற்றினேன். நிலம் பனிக்கட்டிபோலக் குளிர்ந்தது. வீட்டுச் சூட்டைக் காட்டும் தேர்மோஸ்டாட்டைப் பார்த்தேன், பதினாறு பாகை. மனிதர் தடித்த ஸ்வெற்றர் இரண்டு போட்டிருந்தார்.

என் வேலையைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும். இப்போது எனர்ஜி ஓடிற், வீட்டுச் சக்திச் சோதனை, என்றால் எல்லோருக்கும் தெரியும். அப்போது தெரியாது. நகரின் கிழக்குப் பக்கத்தில் ஒரு சிறிய தொண்டு நிறுவனம் மாகாண அரசாங்கத்தின் உதவியோடு வீடு வீடாகப் போய் இலவசமாகச் சோதனை செய்தது. எங்கே குளிர் உள்ளே வருகிறது, எங்கே சூடு வெளியே போகிறது, மேற்கூரையில் இன்சுலேசன் போதுமா என்று பார்த்து எழுதிக் கொடுப்போம். வீடுகளில் எரிவது குறைந்தால் வானத்துக்குப் போகும் புகையும் குறையும் என்பதுதான் கணக்கு. யாழ்ப்பாணத்தில் பௌதிகவியல் படிப்பித்துவிட்டு, இங்கே வந்து ஜக்கெற் தைக்கும் தொழிற்சாலையில் நாலு வருசம் பொத்தான் அடித்துக்கொண்டிருந்த எனக்கு அமுக்கம், வெப்பம், பாய்ச்சல் என்ற சொற்களை மறுபடி வாயால் சொல்ல வைத்த வேலை அது. அதனால் அந்த வேலையில் எனக்குக் கொஞ்சம் வெறியே இருந்தது. யாராவது அதைக் கரியாக்குவது என்று சொன்னால் முகத்தில் காட்டாமல் இருப்பது கஷ்டம்.

மிஸ்டர் பிராட்லி தொழிற்சாலை மேற்பார்வையாளராக இருந்து ஓய்வு பெற்றவர். மனைவி இறந்துவிட்டார். மேல்தளத்தில் தனியே இருந்தார். ஒவ்வொரு ஜன்னலாகக் காட்டினார். எல்லாவற்றுக்கும் உள்ளுக்குப் பிளாஸ்டிக் தாள், அதன் ஓரத்தில் ஒட்டுகிற ரேப், ரேப்புக்கு மேல் இன்னொரு ரேப். மின்சுவிட்சுத் தட்டுகளின் பின்னால்கூடப் பஞ்சு வைத்திருந்தார். கதவடியில் ரப்பர். கடிதம் போடும் துவாரத்தை ஆணி அடித்து மூடியிருந்தார்.

"உங்கடை அரசாங்கம் எனக்கு என்ன சொல்லித்தரப் போகுது? வீணாக்கக் கூடாது எண்டு எனக்கு என்ரை தாய் சொல்லித்தந்திட்டா. கன்சர்வ் பண்ணி மிச்சம் பிடிக்கிறதாலைதானே எங்களுக்குக் கன்சர்வேட்டிவ் எண்டு பேர்."

"பூமி சூடாகிறதைப் பற்றி?" என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

"அது உண்மையோ பொய்யோ எனக்குத் தெரியாது. உண்மையெண்டால் ஆளாள் தன்ரை வீட்டைப் பார்த்துக்கொள்ளட்டும். நான் பார்க்கிறன்தானே?"

எரிச்சல் எங்கே வந்ததென்றால், மனிதர் சொன்னது உண்மை. காஸ் பில்லையும் காட்டினார். நான் அதுவரை பார்த்த வீடுகளில் அவருடைய வீட்டைவிடக் குறைவாகக் காஸ் எரித்த வீடு இல்லை. என் மேலாளர் ஜோன், பூமியைக் காப்பாற்றுவதைப் பற்றி மூச்சுவிடாமல் பேசுகிறவர், தான் குடியிருந்த நூறு வருசப் பழைய செங்கல் வீட்டின் ஜன்னல்களைச் சரிபண்ணாமல் குளிர்காலம் முழுக்க இருபத்திரண்டு பாகையில் சூடேற்றிக்கொண்டிருந்தார். "அந்தப் பழைய கண்ணாடி வடிவு, மாத்த மனம் வருகுதில்லை" என்பார். இந்த மனிதர் பூமி சூடாகிறதோ இல்லையோ தெரியாது என்கிறார், ஸ்வெற்றர் இரண்டு போட்டுக்கொண்டு நிற்கிறார். யாரோடு நான் சண்டை பிடிப்பது?

2. கீழே போகவேண்டிய காரணம்

புளோவர் டோர் என்பது பெரிய காற்றாடி ஒன்று பொருத்திய துணிக்கதவு. வாசலில் இறுக்கிப் பூட்டிக் காற்றாடியைப் போட்டால் வீட்டுக் காற்றை வெளியே இழுக்கும். எங்கெங்கே ஓட்டை இருக்கிறதோ அங்கெல்லாம் வெளிக்காற்று விசில் அடித்துக்கொண்டு உள்ளே வரும். ஆனால் அதைப் போடுவதற்கு முன் ஒரு கட்டாய விதி உண்டு. வீட்டிலுள்ள காஸ் சாமான் எல்லாவற்றையும் பைலற் என்கிற சிறு நெருப்புக்கு இறக்கவேண்டும். இல்லாவிட்டால் புகைபோக்கியால் மேலே போகவேண்டிய புகையைக் காற்றாடி வீட்டுக்குள்ளேயே இழுத்துவிடும்.

"சுடுதண்ணித் தாங்கி எங்கை?" என்று கேட்டேன்.

மிஸ்டர் பிராட்லி முதல் தடவையாகத் தயங்கினார். "கீழை. அங்கை ஆக்கள் இருக்கினம்."

கீழ்த்தளத்தில் தமிழ்க் குடும்பம் ஒன்று வாடகைக்கு இருந்தது. கதவைத் தட்டியதும் திறந்தவளுக்கு இருபத்தைந்து வயதிருக்கும். ரஞ்சினி என்று பெயர். இடுப்பில் இரண்டு வயதுப் பெண்பிள்ளை, தோளில் சாய்ந்தபடி. என் முகத்தைப் பார்த்ததும் அவளுக்கு வந்த ஆறுதலை இப்போதும் மறக்க முடியவில்லை.

"அக்கா, தமிழோ? உள்ளை வாங்கோ. வீடு குப்பையாக் கிடக்கு, குறை நினையாதேங்கோ. எனக்கு ஒரே தலையிடி, எழும்பேலாமல் கிடந்தனான்."

அவளுடைய கணவன் குகனுக்கு நகரின் மேற்கே மிசிசாகாவில் வேலை. விடிய முதலே போய்விடுவான். பிள்ளைக்கு என்ன என்று கேட்டேன்.

"ஒவ்வொரு நாளும் விடிய, குடிச்ச பாலைச் சத்தி எடுக்கிறாள். டொக்டர் ஃப்ளூ எண்டுறார். மூண்டு கிழமையா ஃப்ளூவோ அக்கா? போன சனி ஞாயிறு மச்சாள் வீட்டை போய் நிண்டனாங்கள். அங்கை ஒண்டும் இல்லை. நல்லா விளையாடினாள். வந்து அடுத்த நாளே துவங்கீட்டுது."

வேறு வீட்டில் சுகம், இந்த வீட்டில் வருத்தம். ஜன்னலைப் பார்த்தேன். கண்ணாடி முழுக்க வியர்த்துத் தண்ணீர் வழிந்தது. தாங்கி இருந்த மூலைக்குப் போனேன். அதன் உச்சியில் புகைபோக்கி தொடங்குகிற இடத்தைச் சுற்றி வெள்ளை இரும்பு மண்ணிறமாகக் கருகியிருந்தது. புகை மேலே போகவேண்டிய இடத்தில் கீழே வழிந்திருக்கிறது.

மேலே திரும்பிப் போனேன். "மிஸ்டர் பிராட்லி, பின்னேரங்களிலை அடுப்பு மூட்டுறனீங்களோ?" வரவேற்பறையில் விறகு எரிக்கும் அடுப்பு ஒன்று இருந்தது.

"ஒவ்வொரு நாளும். விறகு சும்மா கிடைக்குது. அதாலைதானே காஸ் மிச்சம்."

"இப்ப மூட்டுங்கோ. சமையலறைக் காற்றாடியையும் போடுங்கோ. கீழை நான் சுடுதண்ணியைத் திறந்து விடுறன்."

நானும் அவரும் கீழே நின்றோம். தாங்கியின் அடியில் நெருப்புப் பற்றியது. புகைப் பென்சில் என்று ஒரு சாமான் வைத்திருப்போம். அதிலிருந்து மெல்லிய வெள்ளைப் புகை நூல்போல வரும். அதைப் புகைபோக்கியின் வாயருகே பிடித்தேன். மேலே இழுபடவேண்டிய நூல் திரும்பி வந்து என் முகத்தில் பட்டது. ஒரு நிமிடம், இரண்டு நிமிடம், ஐந்து நிமிடம் பிடித்தேன். மாறவில்லை. மேலே அடுப்பு எரிகிறது. அதற்குக் காற்று வேண்டும். வீடு முழுக்க ரேப் ஒட்டியிருக்கிறது, காற்று வர வேறு வழி இல்லை. ஆகவே அது இந்தப் புகைபோக்கி வழியாகக் காற்றைக் கீழே இழுக்கிறது, தாங்கியின் மணமே தெரியாத நஞ்சுப் புகையையும் சேர்த்து, பிள்ளை படுக்கிற இடத்துக்கு.

"இந்த வீட்டுக்கு ஒரு வெளிக்காற்றுக் குழாய் இருக்கவேணுமே?" என்றேன்.

அவர் சுவரைக் காட்டினார். வீட்டைச் சூடாக்கும் ஃபர்னஸைப் பூட்டியவர்கள் போட்ட குழாய் அங்கே இருந்தது. அதன் வாய்க்குள் பழைய கம்பளிச் சட்டை ஒன்று திணித்துக் கிடந்தது.

"அதாலை குளிர் வந்தது" என்றார் மிஸ்டர் பிராட்லி. "வீண்தானே."

3. சிவப்பு அட்டை

ஜன்னலைத் திறந்தேன். தாங்கியை நிற்பாட்டினேன். ரஞ்சினியையும் பிள்ளையையும் மேலே கூட்டிக்கொண்டு வந்து வாசல் கதவையும் திறந்துவிட்டேன். பிறகு காஸ் கொம்பனிக்கு அடிக்க ரெலிபோனைக் கேட்டேன். புகை திரும்புவதைக் கண்டால் உடனே அறிவிப்பது எங்கள் சட்டம்.

அவர் ரெலிபோனின் மேல் கையை வைத்துக்கொண்டார்.

"தேவையில்லை. அந்தச் சட்டையை இழுத்து எடுத்தால் சரி. என்ரை வீட்டை நான் பார்ப்பன்."

"நீங்கள் பார்த்த வடிவைத்தானே இப்ப கண்டனான்."

அப்படி எந்த வீட்டுக்காரரிடமும் நான் அதற்கு முன்னும் பின்னும் பேசியதில்லை. அவர் சிவந்துபோனார். ரஞ்சினி என் கையைப் பிடித்து இழுத்தாள்.

"அக்கா, அடிக்காதேங்கோ. பிறகு அனுமதியில்லாத பேஸ்மென்ற் எண்டு கேள்வி வரும். எங்களை வீட்டைவிட்டு எழும்பச் சொல்லிப்போடுவார். இந்தக் குளிருக்கை பிள்ளையோடை எங்கை போறது? என்ரை இவருக்கு வேலையும் நிரந்தரமில்லை."

"பிள்ளை செத்துப்போகும் ரஞ்சினி."

"சட்டையை எடுப்பார்தானே அக்கா. சரி எண்டுறார்தானே."

இரண்டு பேரும் ஒரே பக்கம். வீட்டுக்காரருக்கு அரசாங்கம் தன் வாசலுக்குள் வரக்கூடாது. வாடகைக்காரிக்கும் வரக்கூடாது. நடுவில் நான், பூட்ஸ் இல்லாத காலோடு. அவருடைய கைக்குக் கீழே இருந்த ரெலிபோனை உருவி எடுத்து அடித்தேன்.

காஸ் கொம்பனி ஆள் ஒரு மணித்தியாலத்தில் வந்தான். மீற்றரைத் தாங்கியருகே பிடித்துத் திரும்பவும் ஓட்டிப் பார்த்தான். தாங்கியில் சிவப்பு அட்டையைக் கட்டினான். உரிமம் உள்ளவர் புகைபோக்கியைத் திருத்திச் சான்று தரும்வரை தாங்கியை மூட்டக்கூடாது. போகும்போது மிஸ்டர் பிராட்லியைப் பார்த்து, "உங்களுக்கும் காலையிலை தலையிடிக்கிறதோ சேர்?" என்று கேட்டான்.

அவன் போனதும் மிஸ்டர் பிராட்லி சொன்னார், "கீழை ஆக்களை வைச்சதே பிழை. மாச முடிவோடை போகச் சொல்லப்போறன்."

அது அவர் கோபத்தில் சொன்னது. ஆனால் ரஞ்சினிக்கு அவ்வளவு ஆங்கிலம் விளங்கும். அவள் என்னைப் பார்த்துத் தமிழில் சொன்னாள், "நீங்கள் வராமலே இருந்திருக்கலாம் அக்கா."

மிஷினைத் திரும்பக் காரில் ஏற்றினேன். புளோவர் டோரை நான் ஓட்டவே இல்லை. அறிக்கையில் எழுத ஒரு இலக்கமும் இல்லை.

அலுவலகத்தில் ஜோனுக்கு நடந்ததைச் சொன்னேன். அவர் கண் விரிந்தது. "அற்புதம்! இதை எங்கடை செய்திமடலிலை போடவேணும். அந்தப் பிள்ளையின்ரை படம் எடுக்கலாமோ?" நான் தேநீர் போடப் போனேன். இரண்டு நாள் கழித்து மிஸ்டர் பிராட்லியின் முறைப்பாட்டுக் கடிதம் வந்தது. மூன்று பக்கம். வீட்டுக்காரரின் ரெலிபோனைப் பறித்தது, மரியாதையில்லாமல் கதைத்தது என்று ஒவ்வொன்றாக. எல்லாமே உண்மை. ஒரு சொல்கூட மிகைப்படுத்தவில்லை.

ஒன்பதாம் நாள் அவரே ரெலிபோன் எடுத்தார்.

"மிஸஸ் நாதன், குழாய்ச் சட்டையை எடுத்தாச்சு, புகைபோக்கிக்கு உள்குழாயும் போட்டாச்சு. காஸ் ஆள் வந்து அட்டையைக் கழட்டிப்போட்டான்."

"நல்லது."

ஆனால் அவர் ரெலிபோனை வைக்கவில்லை.

"ரெண்டு வருசமா எனக்கு விடியத் தலையிடி. வயசுக்கெண்டு நினைச்சனான். இப்ப இல்லை." பிறகு கதையை மாற்றினார். "கீழை அந்தப் பிள்ளை ஓடித் திரியுது. சத்தம் தாங்கேலாது."

"அவையை எழுப்பப் போறியளோ?"

"ஏன் எழுப்ப வேணும்? நல்ல ஆக்கள்."

முறைப்பாட்டைத் திருப்பி எடுக்கிறீர்களா என்று கேட்டேன். "இல்லை. நீங்கள் மரியாதையில்லாமல்தானே கதைச்சனீங்கள்" என்றார்.

4. மேடையில் நல்ல வார்த்தை

அந்தக் கோடையில் தேர்தல் வந்தது. கன்சர்வேட்டிவ் கட்சி வென்றது. செலவைக் குறைப்பது என்று சொல்லி வந்தவர்கள், சொன்னதைச் செய்யத் தொடங்கினார்கள். வீட்டுச் சோதனைத் திட்டமும் வெட்டுப்பட்டியலில் இருக்கிறது என்று கதை வந்தது. முடிவு வருவதற்கு முன் எங்கள் தொகுதிக்குப் புதிதாகத் தெரிவான கன்சர்வேட்டிவ் உறுப்பினரைக் கூப்பிட்டு நூலக மண்டபத்தில் ஒரு கூட்டம் வைக்க ஜோன் ஒழுங்கு செய்தார். பயனடைந்தவர்கள் எழும்பிப் பேசவேண்டும்.

"எங்கடை ஆக்கள் கதைச்சு அந்தாளுக்கு ஏறாது" என்று நான்தான் சொன்னேன். "அவையின்ரை ஆள் ஒருத்தர் கதைக்க வேணும்." என் புத்தி.

மிஸ்டர் பிராட்லியைக் கேட்டேன். "வாறன். நடந்த உண்மையைச் சொல்லுவன்" என்றார். ஜோனுக்குத் தலைகால் தெரியாத சந்தோசம். அவரைக் கடைசிப் பேச்சாளராகப் போட்டார்.

கழுத்தில் ரை கட்டிக்கொண்டு வந்தார் மிஸ்டர் பிராட்லி. மேடையில் ஏறி நடந்ததை ஒன்றும் விடாமல் சொன்னார். கம்பளிச் சட்டையைச் சொன்னார், தலையிடியைச் சொன்னார், பிள்ளையைச் சொன்னார். "மிஸஸ் நாதன் ரெலிபோனைப் பறிக்காட்டில் என்ரை வீட்டிலை ஒரு சவப்பெட்டி போயிருக்கும். இந்த மாகாணத்திலை தன்ரை வேலை தெரிஞ்ச ஆள் ஒருத்தர் இருந்தால் அது அவ." சனம் கை தட்டியது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. ஜோன் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டார்.

மிஸ்டர் பிராட்லி கை தட்டல் ஓயும்வரை நின்றார். பிறகு தொடர்ந்தார்.

"அதாலை நான் வெட்கப்படுறன். என்ரை வீட்டிலை நான் விட்ட பிழையைக் கண்டுபிடிக்க என்ரை அயலவன் வரி கட்டியிருக்கிறான். அவனிலை என்ன பிழை? அந்தச் செலவு என்ரை செலவு. இந்த வேலை நல்ல வேலை. நல்ல வேலையெண்டால் சனம் காசு குடுத்துச் செய்விக்கும். ஆனபடியால் இந்தத் திட்டத்தை நிப்பாட்டுறது சரி எண்டுதான் நான் சொல்லுவன்."

உறுப்பினர் மட்டும் தலையாட்டினார். ஜோன் என் முழங்கையை விட்டுவிட்டார்.

கார் நிற்பாட்டும் இடத்தில் அவரைப் பிடித்தேன்.

"எனக்கு ஒண்டை மட்டும் சொல்லுங்கோ. இலவசம் இல்லாட்டில் என்னைக் கூப்பிட்டிருப்பியளோ?"

அவர் கார்த் திறப்பைக் கையில் வைத்துக்கொண்டு யோசித்தார். உண்மையாகவே யோசித்தார்.

"இல்லை" என்றார்.

"அப்ப?"

"கூப்பிட்டிருக்க மாட்டன். அந்தப் பிள்ளை செத்திருக்கும். சிலவேளை நானும்."

"அப்ப என்ன இழவுக்கு அந்தக் கதை கதைச்சனீங்கள்?"

"நீங்கள் சொல்லுறதுக்கு என்னட்டை மறுமொழி இல்லை மிஸஸ் நாதன். இருந்தால் சொல்லுவன். ஆனா நான் நம்புறதை மாத்த ஏலாது."

காரில் ஏறிப் போய்விட்டார். மெதுவாகத்தான் போனார், பெற்றோல் வீணாகுமென்று. நான் அந்த இடத்திலேயே நின்று தமிழில் இரண்டு தூஷணம் சொன்னேன். பக்கத்துக் காரில் ஏறிக்கொண்டிருந்த ஒரு தமிழ் அங்கிள் திரும்பிப் பார்த்தார்.

5. காசு கொடுக்கிற கட்சிக்காரர்

இலையுதிர் காலத்துக்குள் திட்டம் நின்றது. பதினொரு பேருக்கு வேலை போனது. ஜோன் பழைய சம்பளத்தில் ஒரு பகுதிக்குப் பதிலாகப் புளோவர் டோரை எனக்குத் தந்தார். அதைக் கொண்டுவந்து அபார்ட்மென்ற் அலுமாரிக்குள் வைத்துவிட்டு நான் ஒரு பேக்கரித் தொழிற்சாலைக்குப் போனேன். பௌதிகவியல் திரும்பவும் வாயைவிட்டுப் போனது. வேலைத்தளத்தில் ஆயிரம் பாண் ஒரே நேரத்தில் வேகும் சூடு கூரை ஓட்டை வழியே வானத்துக்குப் போவதைப் பார்த்துக்கொண்டு நிற்பேன். மேற்பார்வையாளனிடம் ஒருநாள் சொன்னேன். "உன்ரை வேலையைப் பார்" என்றான்.

தைப்பொங்கல் முடிந்த கையோடு மிஸ்டர் பிராட்லியின் ரெலிபோன்.

"எங்கடை கட்சிக்காரர் நாலு பேர். நாலு பேரும் பேஸ்மென்ற் வாடகைக்கு விட்டிருக்கினம். என்ரை கதையைச் சொன்னன். பயந்துபோனாங்கள். காசு தருவாங்கள். வருவியளோ?"

வைத்துவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். ஒரு வருச எரிச்சல் நெஞ்சுக்குள் நின்றது. பிறகு பேஸ்மென்ற்றில் யார் இருக்கிறார்கள் என்று கேட்டேன். "தெரியாது. உங்கடை ஆக்களாத்தான் இருக்கவேணும், ரெண்டு வீட்டிலை" என்றார்.

"ஒரு நிபந்தனை. மேலை போக முதல் கீழை போவன். வாடகைக்காரர் வீட்டிலை நிக்கிற நேரம்தான் வருவன். அட்டை விழுந்தால் ஒருத்தரையும் எழுப்பக் கூடாது. நீங்கள் அதுக்குப் பொறுப்பு நிக்க வேணும்."

"நான் எப்பிடி மற்றவன்ரை வீட்டுக்குப் பொறுப்பு நிக்கிறது?"

"அரசாங்கம் வேண்டாம் எண்டனீங்கள்தானே. அப்ப நீங்கள் நில்லுங்கோ."

நீண்ட பெருமூச்சு. "சரி" என்றார்.

சொன்னபடி நின்றார், அதை மறைக்கக்கூடாது. இரண்டாவது வீட்டிலேயே புகை திரும்பியது. கீழே ஒரு தாயும் தகப்பனும். வீட்டுக்காரன் அவர்களை எழும்பச் சொன்னபோது மிஸ்டர் பிராட்லி அவனைக் கட்சிக் கூட்டத்தில் எல்லோருக்கும் முன்னால் வைத்துக் கேட்டார் என்று பிறகு அறிந்தேன். அவர்கள் எழும்பவில்லை. அந்தக் குளிர்காலமும் அடுத்ததும் சனி ஞாயிறுகளில் இப்படியே போனது. ஒரு வீட்டுக்காரர் இன்னொருவருக்குச் சொல்ல, அவர் மச்சானுக்குச் சொல்ல. பேக்கரியை விட்டேன். ஒவ்வொரு வீட்டிலும் கோப்பி தந்தார்கள். கோப்பியோடு சேர்த்து, அரசாங்கம் ஏன் இந்த வேலையில் தலைபோடக்கூடாது என்ற பிரசங்கத்தையும் தந்தார்கள். கேட்டுக்கொண்டே புகைப் பென்சிலைப் பற்றவைப்பேன். பழைய திட்டத்தில் நாங்கள் ஒரு மாதத்தில் பார்த்த வீடுகளை நான் தனியே ஒரு வருசத்திலும் பார்க்கவில்லை. அந்த வித்தியாசத்துக்குள் எத்தனை கீழ்த்தளங்கள், எத்தனை தலையிடிகள் என்று நினைத்தால் இப்போதும் பத்திக்கொண்டு வரும்.

மிஸ்டர் பிராட்லியிடம் இதை ஒருமுறை சொன்னேன். "ஓம், கணக்குச் சரி" என்றார். அவ்வளவுதான்.

ரஞ்சினியும் குகனும் பிறகு நகரின் கிழக்கு ஓரத்தில் ரூஜ் பக்கம் புது வீடு வாங்கினார்கள். குடிபூரலுக்கு என்னையும் கூப்பிட்டார்கள். பிள்ளை பள்ளிக்கூடம் போகும் வயதுக்கு வந்திருந்தாள். சாப்பாடு முடிந்து நான் பழக்கதோசத்தில் கீழே போய்ப் பார்த்தேன். புதுத் தாங்கி, பெரிய சமையலறைக் காற்றாடி, இறுக்கமான ஜன்னல்கள்.

"ரஞ்சினி, ஒருக்கா மிஷினைப் போட்டு ரெஸ்ற் பண்ணிப்போடுவம். புது வீடுகள் நல்ல இறுக்கம். ஆருக்கெண்டாலும் காசு குடுத்தாவது செய்வியுங்கோ, நான்தான் எண்டில்லை."

அவள் சிரித்தாள். "புது வீடுதானே அக்கா. நல்லாத்தானே கிடக்கு. என்னத்துக்கு வீண் செலவு?"

மிஸ்டர் பிராட்லி சொன்ன அதே சொல். அவருடைய தலையிடியையும் தன் பிள்ளையின் சத்தியையும் கண்டவள் சொல்கிறாள். எனக்குக் கத்தவேண்டும்போல இருந்தது. கத்தவில்லை. அடுத்த சனிக்கிழமை மிஷினைத் தூக்கிக்கொண்டு நானாகவே போய் வாசலில் பூட்டினேன். குகன் பிடித்து உதவினான். பிறகு காற்றாடியை நிற்பாட்டித் தாங்கியை மூட்டினேன், புகை ஒழுங்காக மேலே போனது. ரஞ்சினி, "பார்த்தியளே, நான் சொன்னனான்தானே" என்று தேத்தண்ணி தந்தாள்.

இந்தத் தொழிலுக்கு இப்போது வருகிற பிள்ளைகள் என்னிடம் கேட்கிறார்கள், நம்பாதவர்களை எப்படி நம்பவைப்பது என்று. எனக்கும் அந்த வயதில் அதுதான் கேள்வி. உண்மையைக் கண்ணுக்கு முன்னால் காட்டிவிட்டால் மனிதர் மாறிவிடுவார், அவர் மாறினால் வோட்டு மாறும், வோட்டு மாறினால் சட்டம் மாறும் என்று வரிசையாக நினைத்திருந்தேன். மிஸ்டர் பிராட்லி நான் காட்டிய ஒவ்வொன்றையும் ஒப்புக்கொண்டார், ஒரு அங்குலமும் நகரவில்லை. ஆனால் அவர் நின்ற இடத்திலேயே நிற்க வைத்து அவரிடம் வேலை வாங்க முடிந்தது. அதைக் கண்டுபிடிக்க எனக்கு ஒரு வருசக் கோபம் தேவைப்பட்டது. உங்களுக்கு அவ்வளவு வேண்டாம். ஒருவரை உண்மைக்கு ஒப்புக்கொள்ள வைப்பதும் அவரை உங்கள் பக்கம் கொண்டுவருவதும் இரண்டு வேறு வேலைகள். முதலாவதுக்கு மட்டும்தான் எங்களிடம் மிஷின் இருக்கிறது.